யூனிட்டுக்கு 46 டாலர்

போன மாதம் ஒரு பாட்லக். கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, கணவரின் நண்பர் ஒருவர் கேட்டார்: "எகனாமிக்ஸ் படிக்கிறீங்களாமே, எந்த யுனிவர்சிட்டி?" கம்யூனிட்டி காலேஜ் என்றேன், அமெரிக்காவில் பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடப் பாடங்களை நடத்தும் கல்லூரி. "ஓ..." என்று ஓர் இழுப்பு. அப்புறம் ஆறுதல் வேறு: "பரவாயில்லைங்க, வீட்ல சும்மா இருக்கிறதுக்கு இது தேவலையே."

அந்த "ஓ"வுக்குத்தான் இந்தப் பதிவு. அங்கேயே சொல்லியிருக்கலாம், வாயில் சோறு இருந்தது.

மலிவாகக் கிடைத்தால் மட்டமாகத்தான் இருக்கும் என்று நமக்கு ஒரு நினைப்பு. கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். 2012இல் வைத்த கட்டணம், இன்னும் ஏறவில்லை. எங்கள் கல்லூரியில் மைக்ரோ எகனாமிக்ஸ் (தனி மனிதர், தனி நிறுவனம் அளவிலான பொருளாதாரம்) 3 யூனிட், ஆக 138 டாலர். சில்லறைக் கட்டணங்கள் தனி. அதே டிமாண்ட் கோடு, அதே சப்ளை கோடுதான் யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கேம்பஸின் முதலாம் ஆண்டிலும். அங்கே பல நூறு பேர் உட்காரும் அரங்கில் கேட்பதை இங்கே 30 பேரோடு கேட்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். நேற்று முளைத்த ஏற்பாடும் இல்லை. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் 6 மாணவர்களோடு ஆரம்பித்தது. இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 கல்லூரிகள்.

ஆனால் நான் சொல்ல வந்தது கட்டணத்தைப் பற்றி இல்லை. அந்த 30 பேரைப் பற்றி.

2024 இலையுதிர் செமஸ்டர், மாலை வகுப்பு. என் வலப்பக்கம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர், இடப்பக்கம் ஹைஸ்கூல் படித்துக்கொண்டே இங்கேயும் வரும் பையன். முன்வரிசையில் சீருடையைக்கூட மாற்றாமல் பர்கர் கடையிலிருந்து நேராக வந்து உட்காரும் ஒரு பெண். அன்றைக்குப் பாடம் குறைந்தபட்சக் கூலி. ஆசிரியை பலகையில் இரண்டு கோடுகளைப் போட்டு, அவை வெட்டும் இடத்துக்கு மேலே ஒரு படுக்கைக் கோடு இழுத்தார். கூலியைச் சட்டம் போட்டு உயர்த்தினால் வேலை குறையும், பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது என்றார்.

அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல், நாடு முழுக்க 60 கிளைகளுக்குக் குறையாமல் வைத்திருக்கும் துரித உணவு நிறுவனங்களுக்குக் கலிஃபோர்னியாவில் மணிக்கு 20 டாலர் என்று ஆகியிருந்தது. மற்றவர்களுக்கு 16. பர்கர் கடைப் பெண் கையைத் தூக்கினாள். "எனக்குக் கூலி ஏறியது. ஆனால் வாரத்துக்கு 32 மணி நேரம் தந்தவர்கள் 25 ஆக்கிவிட்டார்கள்." சரி, புத்தகம் ஜெயித்தது என்று நான் நோட்டில் எழுதப் போனேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், வேறொரு கடையில் வேலை பார்ப்பவன்: "எங்கள் கடையில் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. முன்பெல்லாம் மூன்று மாதத்தில் ஆள் ஓடிவிடும், இப்போது யாரும் நகர மாட்டேன் என்கிறார்கள்."

ஆசிரியை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். புத்தகத்தை மூடிவிட்டு, பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல ஆரம்பித்தார். 1992இல் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05க்கு உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. எல்லையின் இரண்டு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளை உயர்வுக்கு முன்பும் பின்பும் விசாரித்துப் பார்த்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. மறுத்தவர்களும் உண்டு, சண்டை பல வருடம் நடந்தது. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தபோது க்ரூகர் உயிரோடு இல்லை. ஆசிரியை கடைசியாக முன்வரிசையையும் பின்வரிசையையும் காட்டி, "உங்கள் இரண்டு பேரை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வர முடியாது, அதனால்தான் 410 கடை" என்றார். புள்ளியியல் எதற்கு என்று எனக்குப் புரிந்தது அந்த நிமிஷம்தான்.

அந்த ஆசிரியை பகுதிநேரம். இந்த மாநிலத்துச் சட்டப்படி பகுதிநேர ஆசிரியருக்கு, கல்லூரிகளை நிர்வகிக்கும் ஒரு டிஸ்ட்ரிக்டில் முழுநேரப் பணியில் 67 சதவீதத்துக்கு மேல் வகுப்பு தர முடியாது. அதனால் மூன்று ஊருக்குக் கார் ஓட்டுகிறார். ஃப்ரீவே ஃப்ளையர் என்று இவர்களுக்குப் பெயரே இருக்கிறது. திருத்திய தாள்களைக் கார் டிக்கியிலிருந்து எடுத்துத் தருவார். சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் பார்க்கிங் வரை கூடவே நடக்க வேண்டும். கட்டணம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பவர்கள், அதில் ஒரு பங்கை இவரும் தன் பெட்ரோலிலிருந்து கட்டுகிறார் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் கோபம் உண்டு.

இன்னொரு கோபம் கணக்கைப் பற்றி. மைக்ரோ, மேக்ரோ (நாட்டின் மொத்தப் பொருளாதாரம்) இரண்டையும் முடிக்க, கோட்டின் சாய்வு தெரிந்தால் போதும். இரண்டிலும் ஏ வாங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். எந்த வரிசையில் எதைப் படிக்க வேண்டும் என்று முதல் செமஸ்டரிலேயே கவுன்சிலரிடம், அதாவது கல்லூரியின் படிப்பு ஆலோசகரிடம், கேட்டிருந்தேன். "கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நானும் நம்பினேன். எகனாமிக்ஸை முதன்மைப் பாடமாக எடுத்து இங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகக் கால்குலஸ் வேண்டும், அதற்கு முன்னால் ப்ரீகால்குலஸ் வேண்டும், பிளஸ் டூவில் காமர்ஸ் படித்த எனக்கு அதற்கும் முன்னால் ஒரு படி ஏற வேண்டும் என்பது மூன்றாவது செமஸ்டரில்தான் தெரிந்தது. ஒரு வருடம் போச்சு.

ஆகவே யாராவது இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், கவுன்சிலரைப் பார்ப்பதற்கு முன்பே அசிஸ்ட் தளத்தைத் திறந்து, உங்கள் கல்லூரியையும் போக நினைக்கும் கேம்பஸையும் கொடுத்து, பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்பு அங்கே எதற்குச் சமம் என்று அதிலேயே இருக்கிறது. யூசியில் 6 கேம்பஸ்கள், நிபந்தனைகளை முடித்து ட்ரான்ஸ்ஃபர் ஆகிறவர்களுக்கு இடம் உறுதி தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ அதில் இல்லை. பாடப்புத்தகத்தை வாங்க அவசரப்படாதீர்கள். ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் பாடப்புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எங்களுக்கு அதுவே பாடப்புத்தகம். கணக்கை முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். இதை மட்டும் கத்திச் சொல்கிறேன்.

நான் இப்போதுதான் கால்குலஸுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். வகுப்புகளுக்குப் பெயர் பதிவு திறந்த அன்று பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். மாலை வகுப்பு நிரம்பிவிட்டது. விலையை ஏற விடாமல் பிடித்து வைத்தால் வரிசை நீளும் என்று மைக்ரோவில் ஐந்தாவது வாரம் படித்தது. வெயிட்லிஸ்டில் நான் 4வது.