காபி சக்கையும் என் மல்லிகைத் தொட்டியும்

காபி சக்கையைப் போட்டால் மல்லிகை கொத்துக் கொத்தாகப் பூக்கும் என்று வீடியோ அனுப்பும் சொந்தக்காரர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

போன ஏப்ரலில் நானும் அதை நம்பினேன். மாம்பலத்தில் எங்கள் மொட்டைமாடியில் தினமும் காலையில் பில்டரைத் தட்டி, சக்கையை ஈரத்தோடு அப்படியே மல்லிகைத் தொட்டியில் கொட்டினேன். ஒரு மாதத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறிவிட்டது. சென்னை வெயிலில் அது வறட்டி மாதிரி இறுகிப்போய், ஊற்றுகிற தண்ணீரெல்லாம் ஓரமாக வழிந்து அடித்துளை வழியே ஓட, நானோ அதைப் பார்த்து வேர் நன்றாக நனைந்துவிட்டது என்று நிம்மதியாக இறங்கி வந்துகொண்டிருந்தேன். இலை மஞ்சளானதும் கிளறினால் உள்ளே மண் புழுதி.

சக்கையில் தழைச்சத்து (நைட்ரஜன்) இருப்பது உண்மைதான், சுமார் 2 சதவீதம். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மக்கச் செய்த பிறகுதான் செடிக்குக் கிடைக்கும், அதுவரை அவை மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் தங்களுக்கு இழுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் காஃபீன் வேறு இளம் நாற்றுகளுக்கு ஆகாது.

அப்புறம், சக்கை மண்ணைப் புளிப்பாக்கும், அது செடிக்கு நல்லது என்கிற இந்த 'அமிலம்' கதை. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் என் மாமியார்கூட, காபியும் புளிப்புதானே என்றார். அந்தப் புளிப்பில் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு இறங்கி நம் வயிற்றுக்குப் போய்விடுகிறது, சக்கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. தவிர, வெளிநாட்டு வீடியோக்காரர்கள் சொல்வது சுத்தக் காபி. நம் வீட்டுத் தூளில் சிக்கரி இருக்கிறது, சட்டப்படியே 49 சதவீதம் வரை கலக்கலாம். அவர்கள் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும்?

தூக்கிப் போடச் சொல்லவில்லை. உரத்தொட்டியில் காய்கறித் தோல், காய்ந்த வேப்பிலைச் சருகு எல்லாவற்றோடும் கலந்து போடுங்கள், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்கை வேண்டாம். நன்றாக மக்கி மண்வாசனை வந்த பிறகு செடிக்கு வைக்கலாம். டம்ளர் அடியில் மிஞ்சும் பால் காபியை மட்டும் ஊற்றாதீர்கள், எறும்பு மொய்க்கும் (எங்கள் வீட்டில் இதைச் செய்தவர் யாரென்று சொல்ல மாட்டேன்).

மல்லிகைக்கு அந்த வறட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிளையை வெட்டிக் கவாத்து செய்து, இரண்டு கை மண்புழு உரம் போட்டிருக்கிறேன். துளிர் வந்திருக்கிறது. மொட்டு இன்னும் இல்லை.