பரதம் படிக்கிற பிள்ளைக்கு பாலே எதற்கு?
"பரதம் இருக்கும்போது இது எதற்கு?" விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய நடனமான பாலே காட்டலாம் என்ற கட்டுரைக்குக் கீழே ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். போன ஆண்டு இறுதி விடுமுறையில் மகளையும் அவளுடைய தமிழ்ப்பள்ளித் தோழிகள் மூவரையும் கோலாலம்பூரில் 'நட்கிராக்கர்' பார்க்கக் கூட்டிப்போனேன். சாய்கோவ்ஸ்கி இசையில் 1892இல் ரஷ்யாவில் அரங்கேறிய பாலே அது. வசனமே கிடையாது, அதனால் போகும் வழியில் காரிலேயே கதையைச் சொல்லிவிட்டேன். எலிகளும் பொம்மைச் சிப்பாய்களும் மோதியபோது ஒரே சிரிப்பு. இரண்டாம் பாதியில் கதை நின்று வெறும் நடனமாகப் போகும். அங்கே ஒருத்தி தூங்கிவிட்டாள். சரி, போகட்டும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. வெளியே ஒரு நடனமணி நுனிவிரலில் நின்று ஆடப் போடும் தன் பழைய காலணியைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். முனையில் மரமும் இல்லை, இரும்பும் இல்லை; துணியும் காகிதமும் பசையில் இறுகிக் கல் மாதிரி இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் பரதம் படிக்கும் என் மகள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, நாங்க அரைமண்டியில உட்கார்ந்து தரையைத் தட்டுறோம், இவங்க தரையை விட்டே போகப் பார்க்குறாங்க" என்றாள்.

டிக்கெட்தான் கையைக் கடித்தது. ஒத்திகையையாவது பள்ளிகளுக்குத் திறந்துவிடலாமே?