உறங்காத கணினிக்கு வைரஸ்தான் காரணமா?

“கணினி உறக்க நிலைக்குப் போகவில்லையா? வைரஸ்தான், உடனே ஃபோர்மட் செய்யுங்கள்” என்றொரு தகவல் யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. பிள்ளையின் பரீட்சைக் குறிப்புகளும் கலியாணப் படங்களும் உள்ள கணினியை இதை நம்பி அழிப்பது அநியாயம்.

பெரும்பாலும் ஏதாவதொரு செயலிதான் கணினியை விழித்திருக்கச் சொல்கிறது. விண்டோஸில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கொமாண்ட் புரொம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறவுங்கள். ‘பவர்சிஎஃப்ஜி’, ஓர் இடைவெளி, முன்சாய்கோடு, ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என ஆங்கில எழுத்தில் (powercfg /requests) தட்டச்சு செய்யுங்கள். ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’ என்ற தலைப்புகளின் கீழ், உறக்கத்தைத் தடுக்கும் செயலியின் பெயர் அநேகமாக அப்படியே வந்துவிடும். பின்னணியில் ஓடும் காணொளியாகக்கூட இருக்கலாம். அதை மூடிப் பாருங்கள்.

உறங்கிய கணினி தானாக எழுந்தால், ‘ரிக்வெஸ்ட்ஸ்’ இடத்தில் ‘லாஸ்ட்வேக்’ (lastwake) என்று போடுங்கள். எழுப்பியது மவுஸ் என்றால், கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில், கணினியை எழுப்ப அதற்கு உள்ள அனுமதியை நீக்கிவிடலாம்.