5.1 சரி, எந்த மொழிக்கு?

இறக்குமதியான சினிமா டிஸ்க் வாங்கும்போது ஒலி 5.1-ஆ (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), 7.1-ஆ (ஏழும் ஒன்றும்) என்று பார்த்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. அந்த 5.1 எந்த மொழிக்கு என்று பார்க்க வேண்டாமா?

பழைய ஹாங்காங் சண்டைப் படம் ஒன்றின் இரண்டு டிவிடி என்னிடம் இருக்கின்றன. அமெரிக்கப் பதிப்பில் ஆங்கில டப்பிங்குக்கு 5.1, படத்தின் அசல் மொழியான கான்டனீஸுக்கு வெறும் மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. சப்டைட்டிலும் டப்பிங் வசனத்தை அப்படியே இறக்கி வைத்தது. நடிகர் வாயே திறக்காத இடத்தில்கூட கீழே ஒரு வரி ஓடும்! ஹாங்காங் பதிப்பில் கான்டனீஸும் 5.1தான். ஆனால் அது மோனோவிலிருந்து பிற்பாடு பிரித்துச் செய்தது. அடி விழும் சத்தமெல்லாம் புதிதாக ஒட்டியது, பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. நான் மோனோவுக்கே திரும்பிவிட்டேன்.

ஐரோப்பாவின் பால் (PAL என்னும் டிவி முறை) டிவிடி இன்னொரு கூத்து. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படம் 25-இல் ஓடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். சரிசெய்யாமல் விட்டிருந்தால் குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும்.

ப்ளூரேயில் அசல் மொழிக்கு தரம் குறையாத டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ கொடுத்துவிட்டு, டப்பிங் மொழிகளுக்குச் சுருக்கிய ஒலியான சாதா டால்பி டிஜிட்டலோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அது நொடிக்கு 640 கிலோபிட்டைத் தாண்டாது. இரண்டுக்கும் அட்டையில் 5.1 என்றுதான் போட்டிருக்கும்.

அப்புறம் மண்டலக் குறியீடு: ஒரு மண்டலத்துக்கென்று பூட்டிய டிஸ்க் வேறு மண்டலத்து பிளேயரில் ஓடாது. ப்ளூரேயில் இந்தியா சி, அமெரிக்காவும் ஹாங்காங்கும் ஏ. 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை. கூடவே பெட்டியில் வரும் ப்ளூரேவுக்கு இருக்கலாம்.