நான் தப்பியதை எவருடைய சாட்சியாகவும் தரமாட்டேன்

வெள்ளிக்கிழமை இரவு எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நடந்ததைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பிரசங்கத்தின் நடுவில் நீலச் சேலையோடு எழும்பிப் போகிறவள் நான்தான். "நன்றி கெட்டதுகள்" என்று மேலே எழுதி அதைப் போட்டவர் யாரென்றும் எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அவருடைய வீட்டுக் கிணற்றில் நாங்கள் தண்ணீர் அள்ளிய காலமும் உண்டு.

மூன்று நாளாகப் பேசாமல் இருந்தேன். அம்மாவின் தொலைபேசிக்கும் அதை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் எழும்பியது கடவுள் இருக்கிறார் என்று பிரசங்கி சொன்னதற்காக அல்ல. கோயிலில் அதைத்தான் சொல்வார்கள், அதைக் கேட்கத்தான் சனமும் வருகிறது. "முள்ளிவாய்க்காலிலிருந்து உயிரோடு வந்த ஒவ்வொருவரும் கடவுளுக்குச் சாட்சி. நம்பினவர்களை அவர் கைவிடவில்லை. தப்பி வந்தவர்கள் கையைத் தூக்குங்கோ" என்றார். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் தப்பி வந்தவர்கள். பக்கத்தில் இருந்த மாமி தூக்கினார். முன்னால் இருந்த ஒற்றைக் கை அண்ணை இருந்த கையைத் தூக்கினார். எனக்குக் கை எழவில்லை. கால்தான் எழுந்தது.

நான் தப்பியது சாட்சி என்றால் என் தம்பி தப்பாதது எதற்குச் சாட்சி? என் கேள்வி இது ஒன்றுதான். நம்பினவர்களைக் கைவிடவில்லை என்றால் கைவிடப்பட்டவர்கள் நம்பாதவர்களா? அடுத்த தறப்பாளில் இருந்த அன்ரி மாத்தளன் மணலில் குந்தியிருந்து மூன்று வேளையும் கந்தசஷ்டி கவசம் சொன்னவர். புத்தகம் இல்லாமல் முழுவதும் பாடம். "காக்க காக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் போனார். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் அன்று மண்டபத்தில் இருந்தார். அவரும் கையைத் தூக்க வேண்டுமா?

தம்பியைப் பற்றி இங்கே நான் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு விசுவமடு. 2009 தை மாதத்தில், போருக்கு நடுவில், அரசாங்கம் முதல் பாதுகாப்பு வலயம் அறிவித்தபோது சுதந்திரபுரத்துக்குப் போனோம். அதற்குள்ளேயும் செல், அதுதான் எறிகணை, விழுந்தது. பிறகு இரணைப்பாலை, மாத்தளன், கடைசியில் வலைஞர்மடம். கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் நிற்காது, சரிந்துவிடும். அதனால் சேலைகளைக் கிழித்துப் பை தைத்து மண் நிரப்பி அடுக்குவோம். அம்மாவின் கூறைச் சேலையும் அப்படித்தான் போனது. தம்பிக்குப் பதினேழு வயது. தண்ணீர் எடுக்கப் போவது நானும் அவனும் முறைக்கு முறை. அன்று அவனுடைய முறை. விடிய எழும்பும்போது அவனுக்குக் காய்ச்சல். "அக்கா, இண்டைக்கு நீ போ, நாளைக்கு ரெண்டு தரம் நான் போறன்" என்றான். நான் கலனைத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசையில் நிற்கும்போது சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் என்று தெரிந்தும் கலனைக் கீழே போடாமல் ஓடினேன். தண்ணீர் சிந்திவிடும் என்று அப்போதும் நினைத்தேன். அதை நினைத்ததற்காக இன்றுவரை எனக்கு மனம் ஆறவில்லை.

அம்மா அதே பங்கருக்குள் ஒரு முழம் தள்ளி இருந்தார். அவருக்கு முதுகில் காயம் மட்டும்.

அந்தப் பிரசங்கியின் கணக்கில் கடவுள் என்னைக் காப்பாற்றினார். எப்படிக் காப்பாற்றினார்? தம்பிக்குக் காய்ச்சலைக் கொடுத்து, என்னைத் தண்ணீருக்கு அனுப்பி. அப்படி ஒருவர் என்னைத் தெரிந்து எடுத்து அவனை விட்டிருந்தால் அவருக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்வீர்களா? உங்கள் தம்பியாக இருந்தால் சொல்வீர்களா? யாரும் என்னைத் தெரிந்து எடுக்கவில்லை, அவனுக்கு வந்தது வெறும் காய்ச்சல், செல்லை அடித்தது மனிதர் என்று நினைத்தால்தான் எனக்கு இரவில் நித்திரை வருகிறது. எனக்குக் கடவுள் நம்பிக்கை விட்டுப் போனதன் காரணம் இதுதான். புத்தகம் படித்து வந்ததல்ல. வெளிநாட்டுக் காசுக்காகவும் அல்ல. அதையும் ஒருவர் எழுதியிருந்தார்.

"அது அவரவர் முன்வினை" என்று வீடியோவுக்குக் கீழே ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். எண்ணினேன். எனக்கும் சைவநெறி தெரியும். சாதாரண தரம் வரை படித்தேன். ஆணவம், கன்மம், மாயை, சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம், எல்லாம் பாடம். அப்பாவிடம்தான் படித்தேன், அவர் நன்றாகச் சொல்லித் தருவார். ஆனால் அந்த ஒன்பது பேரிடமும் கேட்கிறேன். அந்தச் சின்னக் கரையில் அடைபட்ட கைக்குழந்தைகள் எல்லாம் முற்பிறப்பில் ஒரே பாவத்தைச் செய்துவிட்டு, அதைத் தீர்க்க ஒரே இடத்தில் ஒரே சித்திரை மாதத்தில் வந்து கூடினார்களா? வினைதான் கொன்றது என்றால் செல் அடித்தவன் வெறும் கருவி. அவனிடம் கேட்க ஒன்றுமில்லை, விசாரணை தேவையில்லை, நீதி தேவையில்லை. நீங்கள் அறிந்து சொல்கிறீர்களோ அறியாமல் சொல்கிறீர்களோ, கொன்றவனை விட்டுவிட்டுச் செத்த பிள்ளையைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள். பதினேழு வயதுப் பிள்ளையை.

சிலப்பதிகாரமே ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்றுதானே சொல்கிறது, நீ வற்றாப்பளைக் கண்ணகி அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள் இல்லையா என்பீர்கள். சொல்கிறதுதான். ஆனால் கோவலன் வெட்டுப்பட்ட பிறகு கண்ணகி முன்வினை என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தாளா? அரசனின் வாசலுக்குப் போனாள். சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசன் தன் வாயாலேயே "யானே கள்வன்" என்று சொல்லும்வரை கேட்டாள். மதுரையை எரித்த பிறகு அவள் வந்து தங்கிய பத்தாவது இடம் என்பதால்தான் பத்தாப்பளை வற்றாப்பளை ஆனது என்று எங்கள் சனம் சொல்லும். அந்தத் தெய்வத்துக்குப் பொங்குகிற ஊரில் நின்று, கேள்வி கேட்டவளை நன்றி கெட்டவள் என்கிறீர்கள்.

மனிதனுக்குக் கடவுள் சுதந்திரம் கொடுத்தார், அவன் கெட்டதைத் தெரிந்தான், கடவுள் என்ன செய்வார் என்று ஒரு ஆசிரியர் மரியாதையாக எழுதியிருந்தார். அவருக்கு மரியாதையாகவே பதில் சொல்கிறேன். செல் அடித்தவனுக்குச் சுதந்திரம் இருந்தது, சரி. தம்பிக்கு இருந்த சுதந்திரம் எது? அதோடு 2004 மார்கழி 26 காலையில் முல்லைத்தீவுக் கரைக்கு வந்த கடல் எந்த மனிதனின் சுதந்திரம்? அதற்கு அவர் இன்னும் பதில் எழுதவில்லை.

வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கு எரிவதைக் கண்ணால் கண்டும் நம்பமாட்டாயா என்று இன்னொருவர். கண்டிருக்கிறேன். சின்ன வயதில் அப்பாவின் தோளில் இருந்து கண்டேன். தீர்த்தம் எடுத்து வருகிறபோது சனம் இரண்டு பக்கமும் நிற்கும், அந்த நேரத்து அமைதியை நான் வேறு எங்கும் கண்டதில்லை. விளக்கு எரிகிறதா இல்லையா என்று நான் யாரோடும் வாதாட மாட்டேன். இதே கேள்வியை இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒருவர் அப்பாவிடம் கேட்டார். அப்பா, "கடல் தண்ணியிலை விளக்கை எரிய வைக்கத் தெரிஞ்சவளுக்கு, ஒரு செல்லை நனைய வைக்கத் தெரியாமல் போச்சே" என்றார். அதற்குப் பிறகு அவர் திருநீறு பூசவில்லை.

தேவாரத்தோடு எழும்பி தேவாரத்தோடு படுக்கிற மனிதர் அவர். விட்ட பிறகும் பாட்டு அவரை விடவில்லை, வேலி கட்டும்போது தன்னை அறியாமல் முணுமுணுப்பார், நினைவு வந்ததும் நிறுத்திவிடுவார். ஒருமுறை கோயில்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து தெய்வ நிந்தனை என்று கோபித்தார். அப்பா சுந்தரரைச் சொன்னார். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் கண் இழந்த சுந்தரர் திருவாரூரில் நின்று, உமக்கே ஆளான அடியவர்கள் துன்பப்படும்போது சும்மா இருப்பீரானால் நீரே வாழ்ந்து போம் என்று சிவனையே ஏசிப் பாடினார். "வாழ்ந்து போதீரே" என்று பதிகம் முழுக்க வரும். அதைத் திருமுறையில் வைத்துப் பாடுகிறோமே, அது நிந்தனை இல்லையா என்று கேட்டார். வந்தவர் பேசாமல் தேத்தண்ணீர் குடித்தார். பிறகு அப்பா மெதுவாக, "சுந்தரருக்குக் கண் திரும்பிக் கிடைச்சது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

2016இல் அப்பா போனபோது தன் செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும் சடங்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அம்மா இடிப்பித்தார். திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் முழுவதும் பாடினார்கள். நான் தடுக்கவில்லை. அப்பாவின் சொல்லைக் காப்பாற்றவில்லை என்ற குறை இன்றும் இருக்கிறது. ஆனால் அன்று அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைத் தடுக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது.

இப்போது எனக்கு ஆதரவாக எழுதுகிறோம் என்று வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "கும்பிடுகிறதுகள் எல்லாம் மூளை இல்லாததுகள், நீங்கள் ஒருவர்தான் தெளிவு" என்று எழுதிய தம்பிமாரே, அந்த ஆதரவு எனக்கு வேண்டாம். என் அம்மாவுக்கு மூளை இல்லை என்று சொல்ல நீங்கள் யார்? அதே நாள், அதே பங்கர், அதே செல். அப்பா கடவுளை விட்டார். அம்மா இன்னும் இறுக்கிப் பிடித்தார். முகாமில் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டுவைத்து, கிடைத்த பூவை வைத்துக் கும்பிட்டார். எனக்கு அப்போது ஆத்திரம். "இன்னும் ஏனம்மா அவையைக் கும்பிடுறீங்கள்" என்று கத்தினேன். அம்மா, "கடவுள் இல்லையெண்டால் நான் ஆரிட்டைப் பிள்ளை போய்க் கேக்கிறது?" என்றார்.

கோயிலில் அம்மா நன்றி சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பின்னால் நின்று கேட்டேன். ஏசிக்கொண்டிருந்தார். அம்மாளாச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையை ஏனடி எடுத்தாய் என்று. அரசாங்கத்திடம் கேட்க முடியவில்லை, ஐ.நாவிடம் கேட்டுக் கேட்டுச் சனம் களைத்துவிட்டது. கேட்பதற்கு ஒருத்தி வேண்டும் என்பதற்காகவே அம்மா அவளை வைத்திருக்கிறார். கடவுளை நம்புவதற்கு நான் கேட்ட காரணங்களுக்குள் எனக்குப் பதில் சொல்லத் தெரியாத காரணம் இது ஒன்றுதான்.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 மாசி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் வந்து குந்தினார்கள். கோயில் வாசலில்தான் குந்தினார்கள். ஆனால் கையில் இருந்தது பிள்ளையின் படம். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருந்தால் அவர்கள் வீட்டிலேயே விளக்கேற்றியிருப்பார்கள். அந்த அம்மாக்களில் எத்தனையோ பேர் விடை தெரியாமலே செத்துப்போனார்கள். அவர்களுக்கு முன்னால் போய் நின்று நம்பினவர்கள் கைவிடப்படவில்லை என்று யாராவது மைக்கில் சொல்லட்டும் பார்ப்போம்.

நான் சைவத்தை மட்டும் குறை சொல்கிறேன் என்று எழுதுகிறவர்களுக்காகவும் சொல்கிறேன். முகாமில் பைபிளோடு வந்த ஒருவரும் இதே கதையைத்தான் சொன்னார், சாமியின் பெயர் மட்டும் வேறு. அதே பைபிளில் யோபு என்று ஒருவர் வருகிறார். பிள்ளைகள் எல்லோரையும் இழந்து சாம்பலில் குந்தியிருக்கிறவரிடம் நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபிப்பது அந்த நண்பர்களோடுதான்.

நம்பிக்கையுள்ள மனிதர் என்றால் எனக்கு மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு நினைவுக்கு வருவார். 2011 தை மாதம், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால், வன்னிக்கான அரச அலுவலகங்களின் சனத்தொகைக் கணக்கையும் போருக்குள்ளிருந்து வெளியே வந்தவர்களின் கணக்கையும் வைத்து, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டவர். தப்பியவர்களைக் கை தூக்கச் சொல்லவில்லை. வராதவர்களை எண்ணினார். அவர் கும்பிட்ட கடவுளை நான் நம்பவில்லை. அவரை நம்பினேன்.

அந்தக் கணக்குக்குள் என் தம்பி இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. அவனை வலைஞர்மடத்தில் பங்கருக்குள்ளேயே மூடிவிட்டு வந்தோம். மேலே வைக்க ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீர்க் கலனைக் கவிழ்த்து வைத்தோம். திரும்பிப் போய்த் தேடியபோது இடம் பிடிபடவில்லை.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன், போன வருடம் போலவே. பானையும் விறகும் நான்தான் தூக்குவேன், அம்மாவுக்கு முதுகு ஏலாது. அம்மா உள்ளே போய் ஏசிவிட்டு வரும்வரை வெளியே நிற்பேன். அதை யாரும் வீடியோ எடுத்து, திருந்திவிட்டாள் என்று போட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வீடியோவைப் போட்டவருக்குக் கடைசியாக ஒன்று. திரும்ப ஒருமுறை பாருங்கள். நான் எழும்பிப் போன இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறார். சுற்றியிருக்கிற எல்லோரும் கையைத் தூக்கியிருக்கும்போது அவர் தூக்கவில்லை. அவர் என் அம்மா. என்னை விடுங்கள், அவருக்காக அதை எடுத்துவிடுங்கள்.