பெட்டியின் சாவி யாரிடம்?

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர். கூட்டத்துக்குப் போனால் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் தருவார்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். முதல் ஆண்டு முழுக்க இப்படித்தான் போனது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு கூட்டத்தில் 'மாணவர் மனசு' பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் எழுதிப் போடட்டும் என்று அரசுப் பள்ளிகளில் வைத்த பெட்டி. "நம் பள்ளியில் குறையே இல்லை, பல மாதங்களாக ஒரு சீட்டுகூட விழவில்லை" என்றார் ஓர் ஆசிரியர், பெருமையாக. வெளியே வந்து பார்த்தேன். தலைமை ஆசிரியை அறை வாசலில், ஆள் உயரத்தில், போகிறவர் வருகிறவர் கண்ணிலெல்லாம் படும்படி மாட்டியிருந்தது. பூட்டில் துரு. எந்தப் பிள்ளை அங்கே போய் எக்கி நின்று சீட்டுப் போடும்?

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் கேட்டேன். சிரித்தாள். முன்பு ஒருத்தி எழுதிப் போட்டாளாம். அந்தச் சீட்டு நேராக வகுப்புக்கு வந்துவிட்டதாம். "இது யார் கையெழுத்து?" என்ற ஒரே கேள்வி. நோட்டுகளை வாங்கி வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவள் எழுதியிருந்தது என்ன தெரியுமா? கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று.

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மூன்று கழிவறைகள். ஒன்றில் தண்ணீர் வராது. இன்னொன்றில் கதவின் அடிப்பக்கம் உளுத்து உதிர்ந்துவிட்டது. மூன்றாவதில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துணை கிடைக்காதவள் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்வாள். என் மகளின் தண்ணீர் பாட்டில் காலையில் போன அளவிலேயே மாலையில் திரும்பி வந்ததன் ரகசியம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணி 2019இல் கேரளப் பள்ளிகளில் அடிக்கத் தொடங்கி, பிறகு இங்கும் வந்தது. நல்ல யோசனைதான். மணியடித்துக் குடித்த தண்ணீர் எங்கே போகும் என்பதையும் யாராவது யோசித்திருக்கலாம். மாதவிலக்கு நாட்களைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. விடுப்புக் கடிதத்தில் 'வயிற்றுவலி' என்று இருக்கும்.

பாதுகாப்பு என்றாலே நமக்குக் கேமராதான் நினைவுக்கு வருகிறது. கட்டடத்தையும் பஸ்ஸையும் சோதிக்கத் தெரியும். அதுவும் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் மாண்ட பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறங்கின. 2012இல் தாம்பரம் அருகே பள்ளி பஸ்ஸின் அடித்தள ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. கூரையையும் பஸ்ஸையும் அதிகாரி பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிடலாம். ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் அந்தப் பள்ளியில் அடுத்து என்ன நடக்கும் என்பதற்குச் சான்றிதழ் கிடையாது.

தாழ்ப்பாளுக்கே கையெழுத்தைத் தேடுகிற இடத்தில், அதைவிடப் பெரியதை எவள் எழுதுவாள்? அப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு: குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். உண்மையா பொய்யா என்று பள்ளிக்கூடம் பஞ்சாயத்து வைத்துத் தீர்ப்புச் சொல்ல இடமே இல்லை. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார்கள். இருந்தும் முதலில் காதில் விழுவது, "பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடும்". அடுத்தது, "அந்தப் பெண்ணின் எதிர்காலத்தை யோசியுங்கள்". இரண்டாவதைச் சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் அது அக்கறை போலவே ஒலிக்கிறது.

பெற்றோரும் லேசுப்பட்டவர்கள் அல்ல. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். உடல் தண்டனையும் மன உளைச்சலும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்லி எத்தனை ஆண்டுகள் ஆயிற்று! அடிவாங்கியதை வீட்டில் சொன்னால் இங்கேயும் அடி விழும் என்று தெரிந்த பிள்ளை, வேறு எதைத்தான் வீட்டில் சொல்லும்?

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பள்ளி விவரங்களை அரசுக்குத் தரும் எமிஸ் இணையதளத்தில் ஏதாவது ஒன்றைப் பதிவேற்றியே அவர்களின் பொழுது போகிறது. மேசையருகே ஒரு பிள்ளை தயங்கி நின்றால் செல்போனிலிருந்து நிமிர்ந்து பார்க்கவும் நேரம் வேண்டுமே. பிள்ளைகள் உதவிக்கு அழைக்க 1098, 14417 என்று தொலைபேசி எண்களைச் சுவரில் எழுதிவிட்டோம். பள்ளிக்குச் செல்போன் கொண்டுவரக் கூடாது என்ற விதியையும் நாம்தான் போட்டிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன் என்று சொல்கிறார்கள். தலைமை ஆசிரியை நல்லவர், கேட்டுக்கொண்டார். பெட்டி இப்போது மாடிப்படிக்குக் கீழே, பிள்ளைகளின் தோள் உயரத்தில். இரண்டு பூட்டுகள். ஒரு சாவி அவரிடம், இன்னொன்று குழுவில் இருக்கும் ஓர் அம்மாவிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா தச்சர். ஒரு சனிக்கிழமை வந்து மூன்று கதவுகளையும் சரிசெய்து தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

போன வாரம் பெட்டியைத் திறந்தோம். ஒன்பது சீட்டுகள். அவற்றில் ஏழு, விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார் என்ற புகார். ஏழும் ஒரே கையெழுத்து. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.