பசுங்கணிகம் செல்லுக்கு ஏடிபியை அனுப்புகிறதா?

பசுங்கணிகம் என்பது தாவரச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்பு; ஏடிபி என்பது செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு. “பசுங்கணிகம் வெயிலில் தயாரிக்கும் ஏடிபி, சவ்வைத் தாண்டி நேராகச் செல் முழுவதற்கும் போகிறது.” மாணவர்களிடையே பகிரப்படும் பாடக்குறிப்புகளில் உள்ள இந்த வரி தவறு.

அந்த ஏடிபி பெரும்பாலும் உள்ளேயே செலவாகிவிடுகிறது. ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைச் சர்க்கரைப் பாதையில் சேர்க்கவே கால்வின் சுழற்சிக்கு, அதாவது பசுங்கணிகத்துள் சர்க்கரை உருவாக்கும் வினைத்தொடருக்கு, 3 ஏடிபி வேண்டும். அப்புறம் வெளியே போவது எது? முக்கியமாக டிரையோஸ் பாஸ்பேட் என்ற, பாஸ்பேட் இணைந்த மூன்று கார்பன் சர்க்கரை. உள்சவ்விலுள்ள ஒரு கடத்துப் புரதம் அதை வெளியே விட்டு, பதிலுக்கு ஒரு பாஸ்பேட்டை உள்ளே எடுக்கிறது. அந்தப் பாஸ்பேட் திரும்பி வராவிட்டால் உள்ளே ஏடிபி தயாரிப்பே முடங்கும். இதைச் சொல்லாமல் விடுவதுதான் அந்தக் குறிப்புகளின் பெரிய குறை. வெளியே வந்த டிரையோஸ் பாஸ்பேட் சுக்ரோஸாகலாம், அல்லது சிதைந்து அங்கேயே ஏடிபி தரலாம். மிகுதியான ஒடுக்கும் ஆற்றல் (எலக்ட்ரான்களை வழங்கும் திறன்) மாலேட் என்ற கரிமச் சேர்மமாக வெளியேறுகிறது.

ஏடிபிக்கென்று என்டிடி என்ற கடத்தியும் உண்டு. ஆனால் அதன் வேலை நேர்மாறானது: சைட்டோபிளாசத்திலிருந்து ஏடிபியை உள்ளே கொண்டுவருவது. கிழங்கு போன்ற பகுதிகளில் உள்ள பச்சையமில்லாத கணிகங்களுக்கு (பசுங்கணிகத்தின் இன நுண்ணுறுப்புகளுக்கு) இது மிக அவசியம். உருளைக்கிழங்குச் செடியில் இந்தக் கடத்தியைக் குறைத்தபோது கிழங்கில் ஸ்டார்ச்சும் குறைந்தது.